கடலைமிட்டாயைத் தின்றுவிட்ட பையனும் 0.57 என்ற எண்ணும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மகனுக்கு நாலரை வயது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் பேச வந்தவர் மார்ஷ்மெல்லோ சோதனையைச் சொல்லி, "இனிப்பைத் தொடாமல் காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் நல்ல மார்க் வாங்கினார்கள், ஒட்டுறவு 0.57" என்று திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். நீங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கடலைமிட்டாயைத் தட்டில் வைத்து, அம்மா திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் தட்டு காலி. இப்போது அவனுக்குக் காத்திருக்கப் பயிற்சி கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் தம்பியோ, "ஒட்டுறவு இருந்தால் அது காரணம் ஆகிவிடாது அக்கா, உளவியலில் எல்லாமே இப்படித்தான், விட்டுத்தள்ளு" என்கிறார். ஆக, இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த எண் நம்பத் தகுந்ததா, காத்திருந்ததால்தான் மார்க் வந்ததா, இதெல்லாம் என் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை கவலையும் வருகிறது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். குழந்தைகளைப் பார்க்கும் ஆலோசகர் இல்லை. அதனால் எண்ணைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் அடக்கித்தான் பேசுவேன்.

ஒட்டுறவு என்பது இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் காத்திருந்த நேரப்படி வரிசையாக நிறுத்துங்கள், பிறகு மார்க்குப்படி நிறுத்துங்கள். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தால் 1-க்குப் பக்கம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டால் 0, நேர் தலைகீழாக வந்தால் -1. (கணக்கு போடும் விதம் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது, இங்கே இது போதும்.) 0.57 என்றால் 57 சதவீதம் என்று அர்த்தம் இல்லை. காத்திருந்தவர்களில் 57 பேர் ஜெயித்தார்கள் என்பதும் இல்லை. நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: இரண்டு குழந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அதிக நேரம் காத்திருந்த குழந்தைதான் அதிக மார்க்கும் வாங்கியிருக்கும் என்று பந்தயம் கட்டுங்கள். ஒட்டுறவு 0 என்றால் 100 பந்தயத்தில் 50 ஜெயிப்பீர்கள், காசு சுண்டிப் போட்டது போல. 0.57 என்றால், மதிப்பெண்கள் வழக்கமான மணி வடிவத்தில் பரவியிருக்கும் பட்சத்தில், சுமார் 69 ஜெயிப்பீர்கள். உளவியலில் இது உண்மையிலேயே பெரிய எண். ஆனாலும் அந்த நூறில் முப்பது தடவை, சட்டென்று எடுத்துத் தின்ற குழந்தைதான் மார்க்கில் முந்தியிருக்கிறது. திரையில் எண்ணை மட்டும் போட்டால் அந்த முப்பது குழந்தைகள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள்.

சரி, அந்த 0.57 எங்கிருந்து வந்தது? வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்த வளாகத்தைச் சேர்ந்த பிங் மழலையர் பள்ளியில் 1968 முதல் 1974 வரை 653 குழந்தைகளை வைத்து இந்தச் சோதனைகளைச் செய்தார். பத்து வருடம் கழித்துப் பெற்றோருக்குக் கடிதம் போட்டு விசாரித்தபோது 185 பேரைப் பற்றித்தான் தகவல் வந்தது. அதிலும் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் 94 பேருக்குத்தான் கிடைத்தது. இந்தக் குழந்தைகள் எல்லோரும் ஒரே மாதிரிச் சோதனையைச் சந்தித்தவர்களும் இல்லை. சிலருக்கு இனிப்பு கண் முன்னால் இருந்தது, சிலருக்கு மூடி வைக்கப்பட்டது, சிலருக்கு எதை நினைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இனிப்பு கண் முன்னால் இருந்து, எந்த யோசனையும் சொல்லித்தரப்படாத குழந்தைகளிடம்தான் தேர்வு மதிப்பெண்ணோடு தெளிவான ஒட்டுறவு தெரிந்தது: கணக்குப் பகுதிக்கு 0.57, மொழிப் பகுதிக்கு 0.42. அந்தக் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? 35 பேர். 1990-இல் வந்த கட்டுரையிலேயே ஷோடா, மிஷெல், பீக் மூவரும், கூறு (ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழந்தைகளின் குழு) சிறியது, இந்த எண்கள் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த வரிதான் பேச்சாளர்களின் திரை வரைக்கும் வந்து சேரவில்லை.

35 பேர் என்பது எவ்வளவு குறைவு என்பதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அதனால் முதல் செமஸ்டரில் நான் ஒரு காரியம் செய்வேன். ஆளுக்கு ஒரு சிவப்புப் பகடை, ஒரு நீலப் பகடை கொடுத்து, இரண்டையும் சேர்த்து 20 தடவை உருட்டி எழுதச் சொல்வேன். சிவப்பில் வந்த எண்ணுக்கும் நீலத்தில் வந்த எண்ணுக்கும் ஒட்டுறவு கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பகடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, விடை 0 என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். பிறகு ஒவ்வொருவராக வந்து தன் விடையைக் கரும்பலகையில் எழுதுவார்கள். 0.12, -0.31, 0.08, -0.05, 0.27 என்று வந்துகொண்டிருக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் யாராவது ஒருவர் 0.45-ஐத் தாண்டி ஒன்றை எழுதிவிட்டு, கணக்கில் தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்ப்பார். தப்பே இருக்காது. 20 ஜோடியை வைத்துக்கொண்டு பார்த்தால் சும்மாவே அந்த அளவு ஆட்டம் இருக்கும். 35 பேரிடம் 0.57 என்பது பகடை ஆட்டம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது, அது வெறும் தற்செயலாக வருவதற்கு மிகப் பெரிய எண். ஆனால் நான் கணக்கு போட்டுப் பார்த்தால், உண்மையான ஒட்டுறவு சுமார் 0.29-இலிருந்து 0.76 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் வருகிறது. உளவியலில் சாதாரணமாகப் பார்க்கிற அளவு ஒட்டுறவுகள் ஓரளவு அசையாமல் நிற்கவே 250 பேர் பக்கம் வேண்டும் என்று 2013-இல் ஷோன்ப்ரோட், பெருகினி என்ற இருவர் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள்.

அதனால் பெரிய கூறில் திரும்பச் செய்து பார்த்தாக வேண்டும். 2018-இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் குவான் அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த 900-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தகவல் அவர்களிடம் இருந்தது. நாலரை வயதில் காத்திருந்த நேரத்தையும் 15 வயதுப் படிப்பையும் ஒப்பிட்டார்கள். குறிப்பாக, தாய் பட்டப்படிப்பு முடிக்காத குடும்பங்களின் குழந்தைகள் மேல்தான் அவர்களுடைய முக்கியக் கவனம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு வளாகத்துப் பள்ளியில் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தானே படித்தார்கள். இந்தப் பெரிய கூறில் ஒட்டுறவு இருந்தது, ஆனால் பழைய எண்ணில் சுமார் பாதி. பந்தயக் கணக்கில் சொன்னால் 69 என்பது 59 ஆகிவிட்டது.

அப்புறம் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறு வயதிலேயே தெரிந்த அறிவுத்திறன் இவற்றில் ஒரே மாதிரி இருக்கிற குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன மிஞ்சும் என்று கணக்கு வழியாகப் பார்த்தார்கள். மிச்சமிருந்த பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. அதாவது, காத்திருத்தலும் மார்க்கும் கை கோத்துக்கொண்டு வருவதில் பெரும் பங்கு, இரண்டுமே ஒரே வீட்டிலிருந்து வருவதால்தான். புத்தகம் இருக்கிற வீடு, சாப்பாட்டுக்குக் கவலை இல்லாத வீடு, உட்கார்ந்து பேசப் பெற்றோருக்கு நேரம் இருக்கிற வீடு. அங்கே வளர்கிற பிள்ளைக்குக் காத்திருப்பதும் எளிது, படிப்பதும் எளிது. இதே குழந்தைகளுக்கு 26 வயதானபோது மறுபடி பார்த்து 2024-இல் ஒரு கட்டுரை வந்தது. பெரியவர்களான பின் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை இந்தச் சோதனை நம்பகமாக முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் அதன் முடிவு.

இந்த இடத்தில் உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய கூறில் எண் பாதியாகிவிட்டது என்பது உறுதி. குடும்பம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது என்பதும் உறுதி. ஆனால் அப்படிச் சுருங்கியதற்கு என்ன அர்த்தம் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது, இன்னும் முடிந்ததாக நான் நினைக்கவில்லை. காத்திருக்கும் திறனே சிறு வயது அறிவுத்திறனோடு பின்னிக் கிடக்கிற ஒன்று என்றால், அறிவுத்திறனைக் கழித்துவிட்டுக் காத்திருத்தலின் பங்கைத் தேடுவது, முறத்தில் உமியைப் புடைக்கும்போது அரிசியையும் சேர்த்துத் தள்ளிவிடுவது போல. இந்த ஆட்சேபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். எதைக் கழிக்க வேண்டும், எதைக் கழிக்கக் கூடாது என்று எந்த மென்பொருளும் சொல்லாது. அதற்கு எது எதை உண்டாக்குகிறது என்பதைப் பற்றி முன்கூட்டியே ஒரு கருத்து வேண்டும், அந்தக் கருத்தை உறுதி செய்யத்தானே ஆய்வே! என் மாணவர்கள் வருடா வருடம் தடுமாறுகிற இடம் இதுதான். நானும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நிதானித்துத்தான் பேசுகிறேன்.

காரணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொட்டியதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தன்மதிப்பு அதிகமுள்ள மாணவர்கள் ஓரளவு நன்றாகப் படிக்கிறார்கள் என்ற ஒட்டுறவு பல ஆய்வுகளில் வந்தது. 1986-இல் கலிஃபோர்னியா மாநிலம் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசுக் குழு ஒன்றை அமைத்தது. பள்ளிகளில் பிள்ளைகளைப் பாராட்டிப் பாராட்டித் தன்மதிப்பை ஏற்றினால் படிப்பும் ஏறும் என்ற நம்பிக்கை பரவியது. 2003-இல் ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, அந்த ஒட்டுறவு ஓரளவுக்கு எதிர்த் திசையில் ஓடுகிறது, நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு வருகிறது, தன்மதிப்பை மட்டும் ஏற்றிவிட்டதால் மார்க் ஏறியதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஒட்டுறவு எண்ணில் அம்புக்குறி கிடையாது. 0.3 என்பது இந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் 0.3, அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அதே 0.3.

அம்பு வேண்டும் என்றால் நாம் கை வைத்து ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். 2013-இல் செலஸ்ட் கிட்டும் கூட்டாளிகளும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது எனக்கு மிகவும் பிடித்தமான பரிசோதனை. 28 குழந்தைகளை எடுத்து, எதையும் பார்க்காமல் இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் பழைய கிரேயானைக் கொடுத்து, கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மறு பாதியிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, மன்னித்துக்கொள், இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, என்றார்கள். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு தடவையும் இப்படியே. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோவை வைத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் பொறுத்தவர்கள் முதல் பாதியில் 14-க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். இதுவும் சின்னக் கூறுதான், நிமிடக் கணக்கை அப்படியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் யார் எந்தப் பாதி என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததால், வீடு, பணம், மூளை எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துவிட்டது. காத்திருத்தல் என்பது பிள்ளையின் உள்ளே மட்டும் இருக்கிற குணம் இல்லை, எதிரில் இருக்கும் பெரியவரை நம்பலாமா என்ற கணக்கும் அதில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

உங்கள் தம்பியிடம் வருகிறேன். அவர் சொன்ன வாக்கியம் சரி, அதிலிருந்து "விட்டுத்தள்ளு" என்று போனதுதான் சரியில்லை. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, நவீனப் புள்ளியியலுக்கே அடித்தளம் போட்ட ரொனால்டு ஃபிஷர் பின்னாளில் அதை எதிர்த்தார். புகைக்கத் தூண்டுகிற மரபணுவே புற்றுநோயையும் கொடுக்கலாமே என்பது அவர் வாதம். தர்க்கப்படி தப்பே இல்லாத வாதம். ஆனால் அவர் தோற்றுப்போனார். அதிகம் புகைத்தவர்களுக்கு ஆபத்து அதிகம், நிறுத்தியவர்களுக்குக் குறைவு, விலங்குகளில் புகையிலைத் தார் கட்டிகளை உண்டாக்குகிறது என்று பல பக்கத்திலிருந்தும் வந்த ஆதாரங்கள் ஒரே இடத்தைக் காட்டின. மனிதர்களைக் குலுக்கல் போட்டுப் பாதிப் பேரைப் புகைக்க வைக்க முடியாது. அதேபோல் குழந்தைகளைப் பாதிப் பேர் வறுமையில் வளருங்கள் என்றோ, பாதிப் பேர் அடி வாங்கி வளருங்கள் என்றோ பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. உளவியலின் மிக முக்கியமான கேள்விகள் பலவற்றில் நம்மிடம் முதலில் வந்து சேர்வது ஒட்டுறவுதான். அது கதவைத் தட்டும் சத்தம் மாதிரி. யார் வந்திருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, அதற்காகக் காதைப் பொத்திக்கொள்வதும் தவறு.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. உண்மையில் நீங்கள் இரவில் தூக்கம் கெட்டு யோசித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். பலரை வைத்துக் கண்ட ஒட்டுறவு, ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. தட்டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேரை ஒப்பிட்டால் வேகமாக அடிப்பவர்களுக்குத்தான் பிழை குறைவாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் பழகியவர்கள். அதைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டு, பிழை குறையும் என்று ஒருவரிடம் சொன்னால்? அவர் வேகத்தைக் கூட்டினால் பிழை கூடத்தான் செய்யும். ஆட்களுக்கு இடையில் ஒரு திசை, ஒரே ஆளுக்குள் நேர் எதிர்த் திசை. காத்திருந்த பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்பதிலிருந்து, இந்தப் பையனைக் காத்திருக்கப் பழக்கினால் இவன் நன்றாகப் படிப்பான் என்று போவதும் இதே தாவல். அதோடு நீங்கள் அளந்தது ஒரே ஒரு தடவை. அவனுக்குப் பசியா, கடலைமிட்டாய் பிடிக்குமா, அம்மா சொன்னது விளையாட்டா நிஜமா என்று அவனுக்குப் புரிந்ததா, எதுவும் தெரியாது. ஒரு தடவை அளந்த அளவில் அவ்வளவு தற்செயல் ஆட்டம் கலந்திருக்கும்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக மறைக்க மாட்டேன். 2018 ஆய்வில் படிப்போடு இருந்த தொடர்பில் பெரும்பகுதி, குழந்தை முதல் 20 விநாடியாவது தாங்கியதா இல்லையா என்பதிலேயே அடங்கிவிட்டது. அதற்கு மேல் இரண்டு நிமிடமா ஏழு நிமிடமா என்பது பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. எதிலுமே 20 விநாடி நிற்க முடியாமல், சொல்வது காதில் ஏறாமல், பள்ளியிலும் வீட்டிலும் எப்போதும் அப்படியே இருக்கிற பிள்ளை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அதைத் தீர்மானிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் ஒரு மிட்டாயை எடுத்துத் தின்றது அந்த மாதிரி அறிகுறி இல்லை.

பயிற்சி வேண்டுமா என்றால், மார்க்குக்காக வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு தருவேன் என்று சொன்னால் இரண்டு தருவது, நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் கூட்டிப்போவது, இதை எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள், அது போதும் என்பது என் அபிப்பிராயம். காத்திருப்பது தேவைப்படுகிற நேரங்களில் அவனுக்கு வேலையை எளிதாக்கித் தரலாம். மிஷெல் முதலில் தேடியதே அதைத்தான், யார் பின்னால் ஜெயிப்பார்கள் என்பதை அல்ல. 1970-இல் அவரும் எப்பெசனும் வெளியிட்ட ஆய்வில் 32 குழந்தைகள் இருந்தார்கள், வைத்தது பிஸ்கட்டும் பிரெட்செல் என்ற உப்புத் தின்பண்டமும். தின்பண்டம் கண்ணில் படாமல் இருந்தபோது அவர்கள் சராசரியாக 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இரண்டும் கண் முன்னால் இருந்தபோது சராசரி சுமார் ஒரு நிமிடம், அதுவும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்துப் பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டில் தட்டு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்துதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.